சிகிச்சை முடிந்து 14 மாதங்கள்: மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. தஞ்சாவூர்ப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். இடது மார்பகத்தில் இரண்டாம் நிலைப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்தபின் மார்பகத்தை முழுமையாக அகற்றினார்கள். பிறகு 8 சுற்று கீமோவும் 15 நாள் ரேடியேஷனும் முடிந்து இப்போது 14 மாதங்கள் ஆகின்றன. ஹார்மோன் சார்ந்த வகை என்பதால் டமாக்சிஃபென் மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொள்கிறேன். முடி வளர்ந்துவிட்டது, பள்ளிக்கும் திரும்பிவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் நான் பழையபடி ஆகிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

சிகிச்சை நடந்த நாள்களில் எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை என்பதுதான் எனக்கே விளங்காத விஷயம். அப்போது 21 நாளுக்கு ஒரு முறை போக வேண்டும், அதற்கு முன் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஏதேனும் ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது. கடைசிக் கரண்ட் (ரேடியேஷன்) வைத்த அன்று, "மூணு மாசம் கழிச்சு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது, இனி என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு திகில் பிடித்தது. அது இன்னும் விடவில்லை.

அரையாண்டுத் தேர்வுத் தாள்களைக் குனிந்து உட்கார்ந்து திருத்தியதில் முதுகில் நான்கு நாள் வலி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு மறந்திருப்பார்கள். நானோ எலும்புக்குப் பரவிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். எனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் சொல்லாமல், உறவில் உள்ள ஒரு மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கி, கைக்காசைப் போட்டு எலும்பு ஸ்கேன் எடுத்தேன். ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அந்த நிம்மதி எத்தனை நாள் நீடித்தது என்பதையும் கணக்கு டீச்சர் புத்தியில் எண்ணி வைத்திருக்கிறேன்: 11 நாள். பன்னிரண்டாம் நாள் இருமல் வந்தது, நினைப்பு நுரையீரலுக்குப் போய்விட்டது.

ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறையாவது கை தானாகத் தழும்பின் மேலும் அக்குளிலும் போய்த் தடவிப் பார்க்கிறது. பள்ளிக் கழிவறையில்கூட இதைச் செய்கிறேன். அழுத்தி அழுத்திப் பார்த்ததில் அந்த இடமே கன்றிப்போய் வலித்தது, பிறகு அந்த வலியைக் கண்டும் பயந்தேன். இரவில் மாத்திரையின் விளைவாக உடம்பு திகுதிகுவென்று எரிந்து வேர்த்து இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், அடுத்த அறையில் படுத்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மகளை நினைத்துக்கொண்டு விடியும்வரை விழித்தே கிடக்கிறேன்.

வீட்டில் பேச வழியில்லை. கணவர், "அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே, இன்னும் என்ன" என்கிறார். மாமியார், "வாயால சொல்லாதே, பலிச்சுடும்" என்கிறார். நான் பயப்படுவதாலேயே நோய் திரும்பிவிடுமோ என்று அதற்கும் சேர்த்து இப்போது பயப்படுகிறேன்.

இந்த வழியில் நடந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? அடுத்த செக்கப்பில் முழு உடல் ஸ்கேன் எழுதித் தரும்படி கேட்கலாமா?

ஒன்பதாம் வருடம் எழுதியது:

சகோதரி, உங்கள் 11 நாள் கணக்கைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. என்னுடைய கணக்கு 9 நாள். சிகிச்சை முடிந்த முதல் இரண்டு ஆண்டுகளில் நான்கு மருத்துவர்களிடம் போய் வந்தேன். ஒவ்வொருவரும் "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது கிடைத்த நிம்மதி, வெயிலில் வைத்த ஐஸ் கட்டிபோலக் கரைந்துகொண்டே வந்ததுதான் மிச்சம். கரையக் கரைய இன்னொரு கட்டி வாங்க ஓடுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் விஷயத்தில் பேய் ஒரு தடவை உண்மையாகவே வந்து போயிருக்கிறது என்பதால், "அது பேய் இல்லை" என்று யார் சொன்னாலும் மனம் ஏற்கவில்லை.

எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. செவிலி ஒருவர் சொல்லித்தான் ஆரம்பித்தேன். எங்கேனும் புதிதாக வலியோ உறுத்தலோ வந்தால், தேதி, இடம், எப்படி இருக்கிறது என்பதை ஒரே வரியில் எழுதி, அதற்கு எதிரே இரண்டு வாரம் கழித்து வரும் தேதியைக் குறித்துவிடுவேன். அந்தத் தேதிவரை அதைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை, கைப்பேசியில் தேடுவதில்லை. அந்த நாளில் நோட்டைத் திறந்து பார்க்கும்போது வலி இன்னும் இருந்தாலோ, கூடியிருந்தாலோ, செக்கப் தேதிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுவேன். பெரும்பாலும் அந்த வரியைப் படித்துத்தான் அப்படி ஒரு வலி இருந்ததே நினைவுக்கு வரும். இந்த ஒன்பது ஆண்டுகளில் அறுபதுக்கு மேல் வரிகள் எழுதியிருப்பேன். ஐந்து முறை மருத்துவரிடம் போனேன். அதில் ஒரு முறை தழும்பின் ஓரத்தில் சிறு கட்டி தென்பட்டு, பயாப்ஸி எடுத்து, வெறும் கொழுப்புத் திசு என்று வந்தது. அந்த ஆறு நாள் எப்படிப் போயின என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை.

தடவிப் பார்ப்பதற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். மாதத்தில் ஒரு நாள், எனக்கு ஒன்றாம் தேதி, குளித்து முடித்து நிதானமாக இரண்டு பக்கமும், தழும்பும், இரண்டு அக்குளும், காரை எலும்புக்கு மேலேயும் பார்ப்பேன். மற்ற நாள்களில் கை போனால், "ஒன்றாம் தேதி பார்த்துக்கொள்ளலாம்" என்று கையை எடுத்துவிடுவேன். முதல் மாதம் அது மிகவும் கஷ்டமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

உங்கள் மாமியார் சொன்ன "பலித்துவிடும்" என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அம்மாவும் அதையேதான் சொன்னார். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அது அவர்களுடைய பயம் பேசுகிற பாஷை. ஆனால் நாம் அதை நம்பத் தொடங்கினால், நோயையும் சுமந்து, அதற்கான பழியையும் நாமே சுமக்க நேர்கிறது.

இன்னொன்று. கீமோ வார்டில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தோழி, நான்காம் ஆண்டில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் செய்தி வந்த பிறகு, நோட்டு, ஒன்றாம் தேதி எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விட்டன. ஒரு மாதம் தூங்கவில்லை. அவருக்கு வந்தது வேறு வகை, அவருடைய உடம்பு வேறு, என்னுடையது வேறு என்பதை மருத்துவர் படம் போட்டு விளக்கினார். அறிவுக்கு எட்டியது மனதுக்கு எட்டப் பல மாதம் பிடித்தது. பயம் ஒரே சீராகக் குறைந்துகொண்டே போகும் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். செக்கப்புக்கு முந்தின வாரம், கண்டுபிடித்த தேதி திரும்ப வருகிற நாள், தெரிந்தவர் யாருக்கேனும் நோய் திரும்பிவிட்டது என்கிற செய்தி, இவை வரும்போதெல்லாம் அது எழும்பும், பிறகு அடங்கும்.

பழைய செவிலி எழுதியது:

புற்றுநோய்ப் பிரிவில் 22 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஸ்கேன் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதே இறுதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு எலும்பு ஸ்கேன், சி.டி., பெட் ஸ்கேன், இரத்தத்தில் பார்க்கும் சிஏ 15-3 என்ற புற்றுநோய்க் குறியீடு போன்றவற்றை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்பதுதான் புற்றுநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதல். செலவைக் கருதிச் சொல்வதாக நோயாளிகள் நினைப்பதுண்டு. காரணம் அதுவன்று. 1994ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் 1,200க்கும் மேற்பட்ட பெண்கள். ஒரு பிரிவினருக்கு உடல் பரிசோதனையும் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) செய்தார்கள், இன்னொரு பிரிவினருக்கு அவற்றோடு எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே போன்றவற்றையும் குறித்த இடைவெளியில் எடுத்தார்கள். இரண்டு பிரிவினரும் உயிர் வாழ்ந்த காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எலும்பிலோ கல்லீரலிலோ இருப்பதைச் சில மாதம் முன்கூட்டித் தெரிந்துகொண்டதால் ஆயுள் கூடவில்லை. இயந்திரங்கள் அன்றைக்கு இருந்ததைவிட இன்று எவ்வளவோ மேம்பட்டிருந்தும் அந்த வழிகாட்டுதல் மாறவில்லை.

மற்ற மார்பகத்தில் புதிதாக வருவது அப்படியன்று. அதைச் சீக்கிரம் கண்டால் முழுமையாகக் குணப்படுத்தும் வாய்ப்பு உண்டு. ஆகவே உங்களுக்கு எஞ்சியிருக்கும் வலது மார்பகத்திற்கு ஆண்டுக்கு ஒரு மேமோகிராமைத் தவறவிடாதீர்கள். முதல் மூன்று ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்திற்கு ஒரு முறையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் 6 முதல் 12 மாதத்திற்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவரிடம் உடலைக் காட்ட வேண்டும்.

எதைக் கண்டால் செக்கப் வரை காத்திருக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தால் மற்றவற்றை விட்டுவிட மனதுக்குத் துணிவு வரும். தழும்பிலோ மற்ற மார்பகத்திலோ அக்குளிலோ கழுத்திலோ புதிய கட்டி அல்லது நெறிகட்டு, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய் ஓய்வெடுத்தாலும் இரவில் படுத்தாலும் விடாத எலும்பு வலி, இரண்டு மூன்று வாரம் கடந்தும் நிற்காத இருமல், காரணமின்றி எடை குறைவது, வாந்தியோடு விடாமல் வரும் தலைவலி ஆகியவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறல், வலிப்பு, கண் மஞ்சளாதல், கால்கள் திடீரென்று மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல் ஆகியவற்றுக்கு இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்கவே கூடாது, அன்றே போங்கள். டமாக்சிஃபென் எடுப்பவர்கள் மாதவிடாய் அல்லாத நாளில் இரத்தப்போக்கு கண்டாலும் சொல்ல வேண்டும். தேர்வுத் தாள் திருத்தியபின் வந்து, நான்கு நாளில் போய்விட்ட முதுகு வலி இந்தப் பட்டியலில் இல்லை, டீச்சர்.

நோயைத் திரும்ப விடாமல் இருக்க நான் என்ன செய்கிறேன் என்ற ஏக்கம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. தினமும் ஒரு மாத்திரை விழுங்குகிறீர்களே, அதுதான் அது. 20 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2011இல் வெளியிட்ட கணக்கின்படி, உங்களைப் போன்ற ஹார்மோன் சார்ந்த வகையில் டமாக்சிஃபெனை ஐந்து ஆண்டு எடுத்துக்கொண்டவர்களுக்கு, அந்த ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் அதன் பலன் தொடர்ந்தது. ஸ்கேன் செய்ய முடியாததை அந்த மாத்திரை செய்கிறது.

மலைக்கோட்டை எழுதியது:

மன்னிக்கவும், நான் இதில் மாறுபடுகிறேன். என் மனைவிக்கு ஆண்டுதோறும் பெட் ஸ்கேன் எடுக்கிறோம். மருத்துவர் வேண்டாம் என்றுதான் சொல்கிறார், நாங்கள் வற்புறுத்தி எழுதி வாங்குகிறோம். ஆய்வு எதையும் சொல்லட்டும், ஒரு வருடத்திற்கு நிம்மதியாக இருக்க முடிகிறதே, அதற்கு விலை உண்டா?

பழைய செவிலி எழுதியது:

ஐயா, உங்கள் மனைவிக்கு அது ஒரு வருட நிம்மதியைத் தருகிறது என்றால் மகிழ்ச்சிதான். நான் வார்டில் பார்த்தது வேறு. ஸ்கேன் தேதிக்கு ஒரு மாதம் முன்பே சாப்பாடு இறங்காது. ரிப்போர்ட்டில் "நுரையீரலில் 4 மில்லிமீட்டர் புள்ளி, தொடர்ந்து கவனிக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். அது எப்போதோ வந்து ஆறிய சளியின் வடுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரிக்காக மூன்று மாதத்தில் இன்னொரு ஸ்கேன், சில நேரம் ஊசி போட்டுத் திசு எடுப்பது என்று போய்க்கொண்டே இருக்கும். காவிரிக்கரைக்கு நல்ல ரிப்போர்ட் வந்தும் 11 நாளில் கரைந்துவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். இப்படிக் கரைகிறவர்களுக்கு ஸ்கேன் மருந்தாகாது.

திண்ணை எழுதியது:

புற்றுநோயாளிகளுக்கு மனநல ஆலோசனை வழங்கும் பணியில் இருக்கிறேன். இந்தப் பயத்தின் அளவுக்கும் நோய் உண்மையில் திரும்பும் வாய்ப்புக்கும் பெரிய தொடர்பு இருப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இளம் வயதினருக்கும் படிக்கிற பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாருக்கும் அது கூடுதலாக இருக்கிறது. கவலைப்படுவதால் புற்றுநோய் திரும்பும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்பதை மாமியாருக்குச் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

நினைக்காதே என்று மனதுக்குக் கட்டளையிட்டால் அது அதையேதான் நினைக்கும். அதனால் நான் என்னிடம் வருகிறவர்களிடம், மாலையில் ஒரு இருபது நிமிடத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கச் சொல்கிறேன். நாள் முழுவதும் வருகிற கவலைகளை, "ஆறரை மணிக்கு வா" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். படுக்கையறையில் இதைச் செய்யக் கூடாது. கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றும், இரண்டு வாரம் செய்து பார்த்தால்தான் தெரியும்.

இதற்கென்றே வகுக்கப்பட்ட சிகிச்சை முறைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 222 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து அமர்வுகள் கொண்ட ஒரு பயிற்சி, வெறும் தளர்வுப் பயிற்சியைவிட இந்தப் பயத்தைக் கூடுதலாகக் குறைத்தது. கவலையைத் துரத்துவதை விட்டு, கவனத்தை விரும்பிய இடத்தில் வைக்கப் பழக்குவதும், தனக்கு எது முக்கியமோ அதை ஒத்திப்போடாமல் செய்ய வைப்பதும் அதில் உண்டு. நீங்கள் எதை ஒத்திப்போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். ஒருவர் என்னிடம், "அடுத்த வருஷம் இருப்பேனோ என்னவோ என்று இரண்டு தீபாவளிக்குப் புதுப்புடவையே எடுக்கவில்லை" என்றார்.

தூக்கம் கெட்டு, பாடம் நடத்தவும் முடியாத அளவுக்குப் போனால் நேரில் உதவி பெறத் தயங்காதீர்கள். 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது. உங்களுக்குச் சிகிச்சை அளித்த இடத்திலும் கேட்டுப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரிடம் போனால் முதல் வாக்கியமாக டமாக்சிஃபென் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். பராக்செட்டின், ஃபுளுஆக்செட்டின் போன்ற சில மாத்திரைகள், டமாக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கக்கூடியவை. அவற்றுக்கு மாற்று இருக்கிறது.

வயல்வெளி எழுதியது:

நான் ஒரு கணவன். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அதே வாக்கியத்தை நானும் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தைரியம் கொடுப்பதாகத்தான் நினைத்தேன். ஒரு நாள் என் மனைவி, "நீங்க அப்படிச் சொன்னா அதோட நான் பேச்சை நிறுத்திக்கணும்னு அர்த்தம்" என்றார். உண்மையில் எனக்குத்தான் அந்தப் பேச்சைக் கேட்கப் பயம். அவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். அடுத்த செக்கப்புக்கு உள்ளே கூட வரச் சொல்லுங்கள், வெளியே டோக்கன் நம்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முழு உடல் ஸ்கேன் கேட்கப் போவதில்லை. அதற்குப் பதில், எலும்பு ஸ்கேன் எடுத்ததை என் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். அதை மறைத்து வைத்திருந்ததே தனிப் பாரமாக இருந்தது.

மகளின் பழைய ரஃப் நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் ஆரம்பித்துவிட்டேன். முதல் வரி: வலது முழங்கை, மாடிப்படி ஏறும்போது பை மாட்டும் பக்கம். பார்க்க வேண்டிய தேதி 19. கணவர் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. காலையில் பார்த்தால் அதற்குக் கீழே அவர் கையெழுத்தில், "எனக்கும் இடது முழங்கால், 19" என்று இருந்தது.

செவிலி அம்மாவிடம் ஒரே ஒரு சந்தேகம். மாத்திரையை இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிறேன். இரண்டு மணி எரிச்சல் அதனால்தானா? காலைக்கு மாற்றலாமா?

பழைய செவிலி எழுதியது:

எந்த நேரம் என்றாலும் தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். நேரத்தை மாற்றியதும் சிலருக்கு இரவு வேர்வை குறைந்திருக்கிறது, சிலருக்கு எந்த மாற்றமும் இல்லை. செக்கப்பில் கேட்டுவிட்டு மாற்றுங்கள், அதற்குள் நிறுத்திவிட மட்டும் வேண்டாம். எரிச்சல் அப்படியும் தாங்கவில்லை என்றால் அதற்குத் தனியாக மாத்திரை உண்டு, அதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடும்.